உண்ணிப் புதரிலிருந்து பதில்

பதில் வரும் என்று நினைத்து மேஸ்திரி தட்டவில்லை. முப்பது வருடப் பழக்கம், கை தானாகத் தட்டிவிட்டது. கொடுவாளின் முதுகால் கடப்பாரையில் இரண்டு அடி அடித்த பிறகுதான், கேட்பதற்கு யாருமில்லை என்பது நினைவுக்கு வந்தது. தன்மேலேயே எரிச்சல்பட்டுக்கொண்டு அடுத்த தூருக்குக் குனிந்தார். அப்போது புதருக்குள்ளிருந்து யாரோ இரண்டு முறை தட்டினார்கள்.

மணி நாலுகூட ஆகியிருக்காது. வெயில் நன்றாகவே அடித்துக்கொண்டிருந்தது. குனிந்தவர் குனிந்தபடியே நின்றார். முதலில் ஒரு சத்தம், பிறகு யாரோ யோசித்துப் பார்க்கிற அளவுக்கு ஓர் இடைவெளி, பிறகு இரண்டாவது. இரும்பில் இரும்பு பட்ட சத்தமாக இல்லை. காய்ந்த கட்டையில் கட்டை பட்ட மாதிரி மழுங்கலாக இருந்தது.

"எதிரொலி" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டார். சுற்றுச்சுவரில் பட்டுத் திரும்பியிருக்கும். எதிரொலி இப்படி யோசித்துவிட்டு வராது என்பது அவருக்குத் தெரியாதது இல்லை. இருந்தாலும் அன்றைக்கு அந்தச் சமாதானம் போதுமானதாக இருந்தது. கருவிகளைச் சாக்கில் சுருட்டிக்கொண்டு, வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே அறைக்குத் திரும்பிவிட்டார்.

அவரை எல்லோரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டம் பெரிது, அவருக்குக் கீழே வேலை பார்த்ததோ ஒரே ஒரு ஆள், அவர் மனைவி. அவளும் ஒருநாளும் அவர் பேச்சைக் கேட்டதில்லை. முட்புதர் வெட்டுவது இருவருக்கும் தொழில். அதிலும் உண்ணிச்செடி என்றால் தூரத்து ஊர்க்காரர்களும் இவர்களைத்தான் தேடி வருவார்கள். வெட்டுகிறேன் பேர்வழி என்று இறங்கியவர்களெல்லாம் பாதியில் ஓடிவிடுகிற செடி அது. தண்டு சதுரமாக இருக்கும். முள் பின்பக்கமாக வளைந்திருக்கும்; உள்ளே போகிறவரை சும்மா விட்டுவிட்டு, வெளியே வருகிறபோது சட்டையைப் பிடிக்கும். கை கிழியாமலிருக்க அவள் புடவைக்கு மேல் அவருடைய பழைய முழுக்கைச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டுதான் இறங்குவாள். மேலாக வெட்டினால் இரண்டு மடங்காகத் தழைக்கும். மண்ணுக்குள் ஒரு சாண் இறங்கித் தூரோடு வெட்டி, புதரை அப்படியே பெயர்த்து, வேர் வானத்தைப் பார்க்கிற மாதிரி தலைகீழாகக் கவிழ்த்துவிட வேண்டும். வேர் மண்ணில் பட்டால் ஒரே மழையில் பிழைத்துக்கொள்ளும்.

இன்னொன்று, புதருக்குள் குரல் எடுபடாது. பத்தடி தள்ளி நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் இலைகள் அதைத் தின்றுவிடும். இரும்புச் சத்தம் மட்டும்தான் ஊடுருவிப் போகும். ஆளுக்கொரு கரையிலிருந்து வெட்டிக்கொண்டு வரும்போது, கால்மணிக்கு ஒருதரம் இவர் இரண்டு தட்டு தட்டுவார். அவள் இரண்டு தட்டு திருப்பித் தட்டுவாள். நான் இருக்கிறேன், நீ இருக்கிறாயா, அவ்வளவுதான் விஷயம். அவளுக்குப் பொறுமை கிடையாது. இவர் இரண்டாவது தட்டை முடிப்பதற்குள் அவளுடைய முதல் தட்டு கிளம்பிவிடும்.

"முழுசாத்தான் கேளேன்" என்பார்.

"நீங்க என்ன புதுசாவா தட்டப்போறீங்க?" என்பாள்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அவளுக்கு மூச்சுத்திணறல் வந்தது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தாள். வெளியூரில் வேலை பார்க்கும் மகள் பஸ் மாறிப் பஸ் மாறி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "ஒரு அரைமணி நேரம் முன்னாடி வந்திருந்தா அம்மா என்னைக் கண்ணைத் தொறந்து பாத்திருப்பாங்கல்ல" என்று அன்றைக்கு முழுவதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். மேஸ்திரி ஆறு மாதம் கருவியைக் கையால் தொடவில்லை. பிறகு வீட்டில் உட்கார்ந்திருப்பதுதான் அதைவிடக் கஷ்டம் என்று தெரிந்து, வந்த முதல் வேலையை ஒப்புக்கொண்டார்.

வேலை, மூடிப்போன ஒரு சோப்புத் தொழிற்சாலையின் பின்பக்கம். எட்டு ஏக்கர். தரைக்கடியில் பழைய குழாய்கள் ஓடுவதால் இயந்திரத்தை விட முடியாது, கையால்தான் வெட்ட வேண்டும். அந்தக் காலத்து மேனேஜர் ஒருவர் பங்களா வாசலுக்கு அழகாக இருக்கட்டும் என்று எங்கிருந்தோ கப்பலில் தொட்டியோடு வரவழைத்த செடியாம். பூ அழகுதான், இல்லையென்று சொல்ல முடியாது. ஒரே கொத்தில் நடுவே மஞ்சள், அதைச் சுற்றி ஆரஞ்சு, ஓரத்தில் ரோஜா நிறம் என்று பொடிப்பொடியாகப் பூத்திருக்கும். தொட்டியில் வந்த விருந்தாளி தோட்டத்தைப் பிடித்து, பங்களாவைப் பிடித்து, கடைசியில் சுவர் வரைக்கும் எல்லாவற்றையும் தனதாக்கிக்கொண்டது. பங்களாவின் கூரை மட்டும் புதருக்கு நடுவே கொஞ்சம் தலைகாட்டிக்கொண்டிருந்தது.

தங்குவதற்கு வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் ஓர் அறை கொடுத்திருந்தார்கள். அன்று சாயங்காலம் மேஸ்திரி அங்கே வந்து கைகால் கழுவி, அடுப்பைப் பற்றவைத்து, வழக்கம்போல இரண்டு பேருக்குச் சமைத்துவிட்டு, ஒருவருக்கானதைச் சாப்பிட்டார். கையை எத்தனை முறை கழுவினாலும் நசுங்கிய இலையின் வாசனை போகவில்லை. பூனை மூத்திரத்தில் எலுமிச்சையைப் பிழிந்தாற்போல ஒரு நெடி. அவளுடைய தலைமுடியிலும் எப்போதும் இந்த நெடிதான் இருக்கும்.

ஏழு மணிக்கு மகள் போன் செய்தாள்.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு பாப்பா."

"இன்னும் எத்தனை நாள் அங்க? அந்த வேலையை விட்டுட்டு இங்க வந்துடுங்கப்பா. எனக்கும் இங்க யார் இருக்கா, சொல்லுங்க."

"இதை முடிச்சுட்டு வர்றேன்."

இதையே போன மாதமும் சொன்னதாக மகள் ஞாபகப்படுத்தினாள். மேஸ்திரி சிரித்து மழுப்பினார். போனை வைத்த பிறகு அறை ரொம்பப் பெரிதாக இருந்தது.

மறுநாள் காலையில் வேலையைத் தொடங்குவதற்கு முன்னால் புதரைச் சுவரோரமாகவே ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். எங்கேயும் ஒரு தண்டுகூட வெட்டுப்பட்டிருக்கவில்லை. ஆள் நுழைந்த தடம் இல்லை. ஆடு மாடு நுழைந்த தடமும் இல்லை. குருவிகள் சுவரின் மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தன; செடி நிறையப் பழம் கறுத்துத் தொங்கியும் ஒன்றாவது இறங்கவில்லை. அதை அவர் பார்த்தார், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பத்து மணிவாக்கில் வேண்டுமென்றே தட்டினார். இரண்டு.

காத்திருந்தார். இலைகள் அசையவில்லை. எங்கோ ஒரு தேனீ மட்டும் ரீங்காரமிட்டது. பிறகு, புதரின் நடுவாந்திரத்திலிருந்து, நிதானமாக, இரண்டு.

பயம் வந்திருக்க வேண்டிய இடம் அது. மேஸ்திரிக்கு வந்தது வேறு. நெஞ்சில் ஏதோ ஒன்று சட்டென்று இளகிக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. எட்டு மாதத்துக்குப் பிறகு அவர் தட்டுக்கு யாரோ பதில் சொல்கிறார்கள்.

"அடேயப்பா" என்றார் புதரைப் பார்த்து. "இப்பவாவது முழுசா கேட்டுட்டுப் பதில் சொல்லக் கத்துக்கிட்டியா?"

அதற்குப் பிறகு நாள் போனதே தெரியவில்லை. கால்மணிக்கு ஒருதரம் தட்டினார், பதில் வந்தது. சாப்பிட உட்காரும்போது தட்டினார். கருவிக்குச் சாணை பிடித்து முடித்ததும் தட்டினார். இடையிடையே பேசவும் ஆரம்பித்தார். மகளின் வீட்டு வாடகை ஏறிவிட்டதை, முழங்கால் வலியை, சமையலில் தினமும் உப்பு கூடிப்போவதை, இவர் தட்டி முடிப்பதற்குள் பதில் தட்டிவிடுகிற அவளுடைய பழைய அவசரத்தை. பேச்சுக்குப் பதில் இல்லை. தட்டினால் மட்டும் உண்டு. அதுவும் நாளுக்கு நாள் தெளிவானது. கட்டைச் சத்தம் போய், மூன்றாம் நாள் ஓடு தட்டுவது போல ஒரு சத்தம் வந்தது. நாலாம் நாள் சுத்தமான இரும்புச் சத்தம். டங், டங்.

அன்று சாயங்காலம் அறைக்குப் போய்ச் சாக்கைப் பிரித்துப் பார்த்தார். அவளுடைய கொடுவாளை அவர் வீட்டில் விட்டுவிட்டு வர மனமில்லாமல் கூடவே எடுத்து வந்திருந்தார். அது துணியில் சுற்றியபடியே இருந்தது. துரு ஏறியிருந்தது. யாரும் தொடவில்லை. அப்படியென்றால் உள்ளே தட்டுகிற இரும்பு எது? இதைக் கேட்டுக்கொண்டார், பதில் தேடவில்லை. தேடினால் இந்தத் துணையும் போய்விடுமோ என்றுதான் பயமாக இருந்தது.

கேட் வாட்ச்மேன் ஒரு வாயாடி. மறுநாள் காலையில் பல்குச்சியும் கையுமாக வந்து நின்றார்.

"என்ன மேஸ்திரி, துணைக்கு ஆள் சேத்திருக்கீங்க போல. சொல்லவே இல்ல?"

"ஆளா? இல்லையே."

"அட, ரெண்டு பேர் தட்டுற சத்தம் கேக்குதே. நேத்து நீங்க ரூமுக்குப் போனப்புறமும் உள்ள ஒரு ஆள் தட்டிக்கிட்டேதான் இருந்தாரு. சம்பளத்துக்கு மேல வேலை பாக்குற ஆளு போலன்னு நெனச்சேன்."

மேஸ்திரி தலையை ஆட்டிவைத்தார். தான் போன பிறகும் தட்டியிருக்கிறாள். தேடியிருக்கிறாள். அந்த எண்ணம் அவரை என்னவோ செய்தது.

அன்றைக்குத்தான் அவர் அந்தத் தப்பைச் செய்தார். உண்ணி வெட்டுகிறவர்களுக்கு ஒரே ஒரு கண்டிப்பு உண்டு; கரையிலிருந்து அகலமாகத் திறந்துகொண்டே போக வேண்டும், முதுகுக்குப் பின்னால் எப்போதும் வானம் தெரிய வேண்டும். குடைந்துகொண்டு உள்ளே போகக் கூடாது. தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அவரே சொல்லிக்கொடுத்திருக்கிறார். அவரே இப்போது மண்டிபோட்டு, ஆள் நுழைகிற அளவுக்கு மட்டும் அடித்தண்டுகளை வெட்டி, சத்தம் வரும் திசையைப் பார்த்துக் குடைய ஆரம்பித்தார். வெட்டியதைக் கவிழ்த்துவைக்கக்கூட நேரம் எடுக்கவில்லை. இருபக்கமும் தள்ளிவிட்டுவிட்டுப் போனார்.

உள்ளே வேறு உலகமாக இருந்தது. மேலே பூவும் இலையுமாகக் கூரை போட்டிருக்க, கீழே காய்ந்த குச்சிகள் மட்டும் ஆயிரக்கணக்கில் பின்னிக்கொண்டு நின்றன. வெளிச்சம் பழுப்பாக, சல்லடையில் சலித்த மாதிரி விழுந்தது. காற்றே இல்லை. அவர் மூச்சு அவருக்கே பெரிதாகக் கேட்டது. ஊர்ந்து ஊர்ந்து போய், களைத்துப்போய், படுத்தவாக்கில் தட்டுவார். முன்னாலிருந்து பதில் வரும். முன்னைவிடக் கொஞ்சம் கிட்டே. இன்னும் கொஞ்சம் கிட்டே.

அன்று போனில் மகள், "வேலை எவ்வளவு முடிஞ்சிருக்கு?" என்று கேட்டாள்.

"பாதிகூட ஆகல பாப்பா. இன்னும் இருபது நாளாவது ஆகும்."

"உங்க குரல் ஏன் இப்படி இருக்கு? சந்தோஷமா இருக்கிற மாதிரி இருக்கே."

"ஏன், இருக்கக் கூடாதா?"

"இருங்கப்பா. நல்லா இருங்க" என்றாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது என்பது மேஸ்திரிக்குப் புரிந்தது. போனை வைத்துவிட்டார்.

ஏழாம் நாள் மத்தியானம் அவர் குடைந்த குகை நாற்பதடி போயிருந்தது. அதற்கு அப்பால் குச்சிகள் தாமாகவே விலகி, ஒரு சின்ன அறை அளவுக்கு வெற்றிடம் தெரிந்தது. அவர் அதன் விளிம்பில் படுத்து, கடப்பாரையை முன்னால் வைத்துத் தட்டினார். ஒன்று. இரண்டாவதை முடிப்பதற்குள் பதிலின் முதல் தட்டு விழுந்துவிட்டது.

அதே அவசரம். அதே பொறுமையின்மை. மேஸ்திரி மண்ணில் முகத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். அவள்தான். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு முறை கேட்க வேண்டும் என்ற ஆசையில் கொடுவாளை ஓங்கினார்.

அடிக்கவில்லை. ஓங்கியது மட்டும்தான்.

டங், டங்.

கை அந்தரத்தில் நின்றது. இவர் இன்னும் தட்டவேயில்லை. பதில் வந்துவிட்டது. எங்கிருந்தோ பார்த்துக்கொண்டிருந்தால்தான் அப்படி வரும்.

அப்போது முதல் நாளிலிருந்து எல்லாம் வரிசையாக மனதில் ஓடியது. முதல் நாள் தயங்கித் தயங்கித் தட்டியது. பிறகு இடைவெளி சரியானது. பிறகு சத்தம் இரும்பானது. இன்றைக்கு அவசரமும் சேர்ந்துவிட்டது. அவள் நாளுக்கு நாள் கிட்டே வருகிறாள் என்று இவர் நினைத்துக்கொண்டிருந்தார். உள்ளே இருப்பது நாளுக்கு நாள் பழகிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தது யார்? இவர்தான்.

டங், டங், என்றது மறுபடியும். இந்த முறை கேள்வி கேட்டது அது. இவர் பதில் சொல்ல வேண்டும்.

மேஸ்திரி சொல்லவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நகர்ந்தார். சட்டையை முள் பிடித்தது. விடுவித்தார். இன்னொன்று பிடித்தது.

டங், டங்.

இடப்பக்கம்.

டங், டங்.

இன்னும் கிட்டே. வலப்பக்கம்.

வெளியே வந்து விழுந்தபோது சட்டையில் பாதி உள்ளேயே தங்கிவிட்டது. வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பூக்கள் பாட்டுக்குப் பூத்திருந்தன. உடம்பெல்லாம் கீறலோடு அறைக்கு ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டு, ஏழு மணி வரை காத்திராமல் மகளுக்குத் தானே போன் செய்தார்.

"பாப்பா, நான் அங்க வந்துடறேன். நாளைக்கே."

"நெஜமாவா? இருங்க, நாளைக்கு லீவுதான், நானே வந்து கூட்டிட்டு வர்றேன். மூட்டை முடிச்செல்லாம் நீங்க தனியாத் தூக்கிட்டு..."

"வேண்டாம். நீ இங்க வராத."

"ஏன்?"

ஏன் என்று எப்படிச் சொல்வது? வாயெடுத்தார், கேட்பதற்கே பைத்தியக்காரத்தனமாக இருக்கும் போலிருந்தது. "இங்க ஒரே முள்ளு" என்றார் கடைசியில்.

"முள்ளைப் பாத்ததே இல்லையா நான்? புதர்லதானேப்பா வளந்தேன். நாலு மணி பஸ்ல வந்துடறேன்" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாள்.

மறுநாள் அவர் புதர்ப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. சாமான்களைக் கட்டினார். மகள் கேட்டுக்குள் காலெடுத்து வைப்பதற்கு முன்னால் அவளைப் பிடித்துவிட வேண்டும் என்று, மூன்று மணிக்கே மூட்டையோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். நாலு மணி பஸ் வந்தது. மகள் இறங்கவில்லை. ஐந்து மணி பஸ்ஸிலும் இல்லை. அவளுக்குப் போன் போட்டார்; மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை. யாரோ ஒரு பிரயாணி, தொழிற்சாலைக்குப் போகிறவர்களை டிரைவர் கேட் வாசலிலேயே இறக்கிவிடுவார் என்று சொன்னார்.

மேஸ்திரி மூட்டையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினார்.

வாட்ச்மேன் ஷிப்ட் முடிந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எதிரே வந்தார். "எங்கே போயிட்டு வர்றீங்க? நீங்க வெளிய போனதையே நான் பாக்கல. உங்க பொண்ணு அப்பவே வந்துடுச்சே. உள்ளதான் வெட்டிட்டு இருக்கார், சத்தம் கேக்குது பாருன்னு அனுப்பிவெச்சேன்" என்றார். மேஸ்திரி நிற்காமல் ஓடியதைப் பார்த்து, "என்ன மேஸ்திரி?" என்று பின்னாலிருந்து கேட்டார்.

வெயில் இறங்கிவிட்டிருந்தது. சுவரின் நிழல் புதரின் மேல் பாதி ஏறியிருந்தது. "பாப்பா!" என்று கத்தினார். குரல் இலையில் பட்டு அங்கேயே செத்தது. போனை எடுத்து அவள் எண்ணை அழுத்தினார். எங்கோ மணி அடித்தது. கீழே. கிட்டே.

குகை வாயில் அவளுடைய தோள்பை கிடந்தது. மணி அதற்குள்தான் அடித்துக்கொண்டிருந்தது.

கொடுவாள் பஸ் ஸ்டாண்டில் மூட்டையோடு இருந்தது. தரையில் கிடந்த இரண்டு கற்களை எடுத்துத் தட்டினார். உள்ளிருந்து பதில் இல்லை. இத்தனை நாளில் முதல் தடவையாகப் பதில் இல்லை.

மேஸ்திரி மண்டிபோட்டு உள்ளே நுழைந்தார்.

அவர் வெட்டித் தள்ளிய புதர்கள் இருபக்கமும் பச்சையாக நின்றன. ஒரு நாளில் ஒரு முழம் வளர்ந்திருந்தன. முகத்தில் உரசின. உள்ளே போகிறவரைக்கும் ஒரு முள்கூடப் பிடிக்கவில்லை. இருட்டு. இலை நெடி. அவருடைய மூச்சு. நாற்பதடி. வெற்றிடம்.

"பாப்பா?"

பதில் இல்லை. ஆனால் யாரோ மூச்சு விட்டார்கள்.

கையை நீட்டித் துழாவினார். விரல்கள் அகப்பட்டன. சில்லென்று, நடுங்கிக்கொண்டு, மண் ஒட்டிய விரல்கள். அவர் அதுவரை பிடித்துவைத்திருந்த மூச்செல்லாம் ஒன்றாக வெளியே வந்தது.

"பயந்துட்டியா? அப்பா வந்துட்டேன்ல. பேசாத, முள்ளு கண்ணுல பட்டுடும். நான் முன்னால போறேன். என் கணுக்காலைப் பிடிச்சுக்கோ. என்ன ஆனாலும் விடாத."

விரல்கள் அவர் கையிலிருந்து நழுவி, கணுக்காலைத் தேடிப் பிடித்துக்கொண்டன. இறுக்கமாக.

மேஸ்திரி ஊர்ந்தார். வெளிச்சம் தூரத்தில் ஒரு காசு அளவுக்குத் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பேசினார். பயத்தில் பேசினார், பேசப்பேச நிஜமாகவே மனது திறந்துகொண்டது. "உன்கிட்ட பொய் சொன்னேன் பாப்பா. வேலை இருபது நாள் இல்ல. இங்க அம்மா தட்டுற மாதிரி ஒரு சத்தம். அதைக் கேட்டுட்டு இருக்கலாம்னு இருந்துட்டேன். உனக்கும் யாரும் இல்லைங்கிறது எனக்கு உறைக்கவே இல்ல. என் சோகம்தான் பெருசுன்னு இருந்துட்டேன். இனிமே எங்கயும் போகல. உன்கூடவே இருக்கேன். உனக்கு ரெண்டு வேளை சமைச்சுப் போட்டுக்கிட்டு..."

கணுக்காலில் இருந்த பிடி ஒரு முறை அழுத்தியது. ஆமாம் என்பது போல. அவருக்கு அழுகை வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

முள் பிடித்தது. பிய்த்துக்கொண்டு போனார். பத்தடி. ஐந்தடி. முழங்கையை ஊன்றி, தலையை வெளியே நீட்டினார். காற்று. புல். வானம்.

"வந்துட்டோம் பாப்பா."

"அப்பா!"

குரல் முன்னாலிருந்து வந்தது.

மகள் சுவரோரமாக நடந்து வந்துகொண்டிருந்தாள். புடவைத் தலைப்பு கிழிந்திருந்தது. கையில் ஒரு குச்சி. "இங்கயா இருந்தீங்க? பையை வெச்சுட்டுக் கொஞ்ச தூரம் உள்ள வந்து பாத்தேன், தலைப்பு மாட்டிக்கிச்சு. அந்தப் பக்கம் தட்டுற சத்தம் கேட்டுதேன்னு சுத்திப் போய்..."

பேச்சு நின்றது. அவள் அவரைப் பார்க்கவில்லை. அவருடைய தலைக்கு மேலே, அவருக்குப் பின்னால், குகைக்குள் பார்த்தாள். குச்சி கையிலிருந்து விழுந்தது.

"அம்மா?"

எட்டு மாதமாக அவர் பார்க்காத சிரிப்பு ஒன்று அவள் முகம் முழுக்க மலர்ந்தது.

"வராத" என்றார். "பாப்பா, அது அம்மா இல்ல. வராத. ஓடு." கத்தினார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. வந்த கொஞ்சத்தையும் இலைகள் தின்றுவிட்டன.

மகள் ஓடி வந்தாள். முள்ளைப் பார்க்கவில்லை. மண்டிபோட்டாள். சின்னக் குழந்தை மாதிரி இரண்டு கைகளையும் விரித்தாள்.

அவருடைய இரண்டு காதுகளையும் உரசிக்கொண்டு, பழைய முழுக்கைச் சட்டை போட்ட இரண்டு கைகள் பின்னாலிருந்து மெதுவாக நீண்டு, அவளை வாங்கிக்கொண்டன.

கணுக்காலைப் பிடித்திருந்த கை இன்னும் விடவில்லை.